கண்காட்சிக்குப் போறீங்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். 19 வருடமாகப் படங்களும் சிற்பங்களும் சேர்த்துவருகிறேன். எல்லாம் சேர்த்து 41 உருப்படி. கார்த்திகை மழை ஓய்ந்ததும் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பேருந்தில், கல்யாணப் பந்தியில், மருந்துக் கடை வாசலில் என்று எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் கேட்டவர்கள் வார்த்தையிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

"மாம்பழத்துக்கு சீசன் உண்டு. படம் பார்க்கவுமா சார் சீசன்?"

உண்டு. மழைதான் அதை முடிவு செய்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. இப்படிப்பட்ட மாதங்களில் யார் துணிந்து சுவரில் படம் மாட்டுவார்கள்? அதனால் டிசம்பர் பாதிக்கு மேல்தான் களை கட்டும், மார்ச் வரை ஓடும். வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் புதுச்சேரிக்கு வருவதும் அந்த மாதங்களில்தான்.

என் கணக்கில் மார்கழி முதல் தேதியில் தொடங்கிப் பங்குனியோடு சரி. சித்திரையில் 11 மணிக்குக் கருங்கல் சிற்பத்தைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும்.

"உள்ளே போயிட்டா வாங்கித்தான் ஆகணுமா? டிக்கெட் எவ்வளவு?"

அருங்காட்சியகங்களில் டிக்கெட் உண்டு. கேலரிகளில் பெரும்பாலும் கிடையாது. துணிக்கடை மாதிரி யாரும் பின்னாலேயே வரமாட்டார்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கும், பெயர் எழுதினால் போதும். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுப்போனது என்று அர்த்தம்.

திறப்பு விழா அன்று நான் போவதில்லை. பேச்சு, பொன்னாடை, சமோசா எல்லாம் இருக்கும். படத்தை மட்டும் கூட்டம் மறைத்துவிடும். மூன்றாம் நாள் முற்பகல் போங்கள். ஓவியர் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். ஒரு கேள்வி கேட்டால் நாற்காலி இழுத்துப் போடுவார்.

"ஒரே நாள்ல எங்கெங்கே பார்த்துட்டு வரலாம்?"

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் புதுச்சேரி. கடலூரிலிருந்து 22 கி.மீ.தான். வழியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். மாணவர் காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே முதலில் இறங்கிவிடுவேன். பிறகு டவுன்: அருங்காட்சியகத்தில் சோழர் வெண்கலம், அரிக்கமேடு என்ற பழைய துறைமுகத்தில் தோண்டி எடுத்த பொருட்கள், அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுக் கலாசார மையத்தில் ஏதாவது காட்சி இருக்கிறதா என்று ஒரு எட்டு. கடற்கரை காந்தி சிலையைப் படம் எடுக்கிறவர்கள், அதைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்களைக் கவனிப்பதே இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள், அந்தச் செதுக்கு வேலை அப்போதுதான் எழும்பி வரும்.

இரண்டாம் நாள் ஆரோவில்: பாரத் நிவாஸில் கலா கேந்திரா, சிட்டடீன்ஸ் கலை மையம், ஸாவித்ரி பவன். மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை: மாமல்லபுரம், முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளும் கைவினைகளும் இருக்கும் தக்ஷிணசித்ரா, ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமமான சோழமண்டலம். தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. இரண்டு இடத்திலும் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் காட்சிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிறேன், அது டிசம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் நடக்கும். அது தனி யாத்திரை.

"சிற்பத் தோட்டம்னா? பார்க்குல தலைவர் சிலை வெச்சிருப்பாங்களே, அதுவா?"

தலைவர் சிலை மாலை போடுவதற்கு. சிற்பத் தோட்டத்தில் உள்ளது சுற்றி நடப்பதற்கு. மரம், வெளிச்சம், நிழல், நிற்கிற தூரம் எல்லாமே சிற்பத்தோடு சேர்ந்து வேலை செய்யவேண்டும். உண்மையில் நமக்கு இது புதிதே இல்லை. ஊர்க்கோடி ஐயனார் கோயில் தோப்பில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளை வேறு என்னவென்று சொல்வது? சிறு வயதில் எனக்குச் சிற்பம் என்றால் அதுதான். இப்போது பல ஊர்களில் சிமெண்ட் குதிரை வந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம்தான்.

சோழமண்டலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து, பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும்) துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய கிராமம் அது. வளாகத்தில் மரத்தடியில் கல்லும் உலோகமும் நிற்கும், உள்ளே அவர்களுடைய நவீன கலை இயக்கத்தின், அதாவது சென்னை இயக்கத்தின், அருங்காட்சியகம். எங்கே தொடங்குவது என்று கேட்டால் அங்கேதான் அனுப்புவேன்.

"ஒரு சிலை முன்னாடி அரை மணி நேரம் நிக்கிறீங்களே, அப்படி என்ன பார்க்கிறீங்க?"

முதலில் சும்மா ஒரு சுற்று. பிறகு பின்பக்கம். முன்பக்கத்தில் யாரும் கோட்டை விடமாட்டார்கள்; முதுகிலும், பீடத்தோடு கால் சேரும் இடத்திலும்தான் கை தெரியும். வெண்கலம் என்றால் வார்ப்பு அச்சுகள் சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டைச் சிற்பி எப்படி ராவியிருக்கிறார் என்று பார்ப்பேன். கல் என்றால் உளித்தடம் எங்கே விடப்பட்டிருக்கிறது, எங்கே தேய்க்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். எல்லா இடத்தையும் பளபளவென்று தேய்த்திருந்தால் கொஞ்சம் சந்தேகம்.

என்னிடம் வில்லியனூர்ச் சுடுமண் குதிரைத் தலை ஒன்று இருக்கிறது. வெளியே வழவழப்பு. கழுத்து ஓட்டைக்குள் கையை விட்டால் சரஞ்சரமாக விரல் தடம், ஒரு இடத்தில் கட்டைவிரல் ரேகையே தெரியும். மண்ணை உள்ளிருந்து அழுத்தி மூக்கைப் புடைக்க வைத்த இடம் அது. விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். பானை வாங்கும்போது நம் பாட்டிமார் செய்த அதே சோதனைதான். அந்த வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; அதே துறையில் புதுச்சேரி வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

"மாடர்ன் ஆர்ட் எனக்குச் சுத்தமா புரியல. தப்பு என் மேலயா?"

யார் மேலும் இல்லை. 'இது என்ன?' என்று கேட்டால் பதில் வராது, 'இதை எப்படிச் செய்தார்?' என்று கேட்டுப் பாருங்கள். சென்னைச் சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து, வெல்டிங் வைத்துச் செய்த உருவங்கள் முதல் பார்வையில் புதிராக இருக்கும். தட்டையாக, முன்பக்கம் மட்டும் பார்க்கச் செய்த மாதிரி. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். சட்டென்று வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடும். எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களுக்கும் இந்தச் சாவி பொருந்தும்.

அப்படியும் பிடிக்கவில்லையா, நகர்ந்துவிடுங்கள். எனக்குப் பிடிக்காத புகழ்பெற்ற படங்கள் ஒரு வண்டி இருக்கின்றன.

"விலை எப்படிப் போடறாங்க? பேரம் பேசலாமா?"

ஓவியருடைய பெயர், அளவு, பொருள், எத்தனை பிரதி உண்டு என்பதை வைத்துப் போடுகிறார்கள். கேலரி வழியாக விற்றால் கேலரிக்கும் பங்கு போகும். மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மாதிரிப் பெயர்கள் நம் கைக்கு எட்டாது. அவற்றைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். மாணவர் காட்சியில் இரண்டு மூன்று ஆயிரத்திலேயே நல்லது கிடைத்திருக்கிறது எனக்கு. மாதம் 2,000 ரூபாய் ஒரு கவரில் போட்டு வைக்கிறேன், அதற்குமேல் போவதில்லை.

மீன் மார்க்கெட் பேரம் வேண்டாம், ஓவியர் முகம் சுருங்கிவிடும். 'இரண்டு தவணையில் தரலாமா?' என்று கேளுங்கள். பலர் சரி என்பார்கள். இன்னொன்று: முதல் தடவை பார்த்ததும் வாங்குவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், அப்போதும் கால் அங்கேயே நின்றால்தான் காசு. முதல் மூன்று வருடத்தில் கண்டதும் வாங்கிய ஏழு படங்களும் இப்போது பரணில் கிடக்கின்றன.

"படத்துக்குக் கீழே 3/25-ன்னு எழுதியிருக்கு. ஜெராக்ஸ் காப்பியா?"

இல்லை. அச்சு ஓவியம். தகட்டிலோ மரத்திலோ ஓவியரே செதுக்கி, மை பூசி, 25 தாள் மட்டும் எடுத்திருக்கிறார்; உங்கள் கையில் இருப்பது மூன்றாவது எண். எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் இருப்பதுதான் வழக்கம். உலோகத் தகடு அச்சானால் தாளில் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் தெரியும். சாய்த்துப் பிடித்து விரலை ஓட்டாமல் கண்ணால் பாருங்கள். குறைந்த பணத்தில் பெரிய கைகளின் வேலை வேண்டுமென்றால் இதுதான் வழி.

கம்ப்யூட்டரில் எடுத்த பிரதியிலும் சிலர் எண் போட்டு விற்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். விற்பவர் அதை முன்கூட்டியே சொன்னால் தப்பில்லை.

"பழைய ஐம்பொன் சிலை ஒண்ணு இருக்காம், சல்லிசா வருதாம். நீங்க வாங்குவீங்களா?"

மாட்டேன். நீங்களும் வாங்காதீர்கள். 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய சிற்பம் தொல்பொருள். அதைப் பதிவு செய்யவேண்டும், உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. 'நிலத்தைத் தோண்டும்போது கிடைச்சது' என்று சொன்னால் இன்னும் மோசம். புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே போதும்.

நம் மாவட்டத்துக் கதையையே கேளுங்கள். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரர் காணாமல் போய், சுபாஷ் கபூர் என்ற வியாபாரி வழியாக ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் 2004-ல் காசு கொடுத்து வாங்கினார்கள், காகிதமும் வைத்திருந்தார்கள். காட்டிக்கொடுத்தது புதுச்சேரி. இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் லட்சத்துக்கும் அதிகமான புகைப்படங்கள் எடுத்து வைத்திருக்கிறது. அதில் கோயில் சுவரில் இருந்த அதே அர்த்தநாரி இருந்தார். 2014 செப்டம்பரில் அவரும், அதே மாதிரித் திருடுபோய் ஆஸ்திரேலியா சேர்ந்திருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்கிறேன்.

சாமி சிலை வேண்டுமென்றால் சுவாமிமலைக்குப் போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். புதுசு என்று பில் போட்டு வாங்கி வாருங்கள்.

"பையன் அமெரிக்காவுல இருக்கான். நீங்க சேர்த்ததை அவனுக்கு அனுப்ப முடியுமா?"

புது வேலை என்றால் முடியும். சாமி சிலை என்றால் 'இது தொல்பொருள் இல்லை' என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். ஓவியங்களில் ரவி வர்மா, தாகூர், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், நந்தலால் போஸ் உட்பட 9 பேருடைய வேலைகள் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை. 100 வருடம் ஆகாவிட்டாலும் நாட்டை விட்டுப் போகக்கூடாது. என் 41-ல் அந்தக் கவலைக்கு இடமில்லை.

"உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல எப்படி சார் காப்பாத்தறீங்க?"

இரண்டு முறை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் அடி, ஒரு பேனா ஓவியம். பிரேம் போட்டவர் ஓவியத்தை நேரடியாக ஹார்ட்போர்டில் ஒட்டி, கண்ணாடியையும் தாளோடு ஒட்டவைத்துக் கொடுத்தார். மூன்றாவது மழைக்காலத்தில் கழற்றிப் பார்த்தால் டீ சிந்திய மாதிரிப் பழுப்புப் புள்ளிகள், ஓரத்தில் பூஞ்சணம். அட்டையில் இருக்கும் அமிலம் தாளைத் தின்கிறது, கண்ணாடியில் கோத்த ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கிறது. இப்போது அமிலமில்லா மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) கேட்டு வாங்கித் தருகிறேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்ட்டின் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் படமே மாட்டுவதில்லை.

இரண்டாவது அடியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சிற்பியிடம் தவணையில் வாங்கிய சின்ன வெண்கலக் காளை. சூடும் ரசாயனமும் கொடுத்துக் கரும்பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார். போகிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்த அத்தை, 'இப்படியா அழுக்கேற விடுவாங்க' என்று புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கி வைத்துவிட்டார். நல்ல மனசு, என்ன சொல்ல முடியும்? சிற்பி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நிறத்தை மறுபடி ஏற்றித் தந்தார். வெண்கலத்தில் மெல்லிய, சீரான களிம்பு இருந்தால் அது காவல்தான், விட்டுவிடுங்கள். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும் வெளிர்பச்சைப் பொடி வேறு. உப்பு உள்ளே புகுந்த நோய் அது. அதைத் தெரிந்தவரிடம்தான் காட்டவேண்டும்.

"மொட்டை மாடியில சின்னதா ஒரு சிற்பத் தோட்டம் போடலாமா?"

முதலில் எடையைக் கணக்குப் பண்ணுங்கள். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. ஆள் உயரச் சிலை என்றால் மாடிக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு இன்ஜினியரைக் கேட்கவேண்டும். என் மாடியில் சுடுமண்ணும் ஒரே ஒரு கல் உரலும்தான். சுடுமண்ணில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடித்து உரியும், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வெல்டிங் செய்த இரும்புச் சிற்பத்தை நம் ஊரில் வெளியே வைத்தால் ஐந்தே வருடத்தில் துருவும் சிற்பமும் பாதிப்பாதி.

"போட்டோ எடுக்கலாமா? அதை எங்க கடை காலண்டர்ல போட்டா?"

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் புகைப்படம் எடுக்கவும் அதை வெளியிடவும் 1957 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காசு கொடுத்து வாங்கியதால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது; ஓவியர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடமும் அது அவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். காலண்டர் போட ஆசையா, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேலரிக்குள் எடுக்க அங்கேயே கேளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எங்கும் வேண்டாம்.

"காசு கொடுத்தது நான். சோபாவுக்கு மேலே பொருந்தற மாதிரி ஓரத்தை வெட்டிக்கக் கூடாதா?"

கேட்டவர் என் சொந்தக்காரர். நிஜமாகவே கத்தரியோடு நின்றார். கூடாது. முந்தின பதிலில் சொன்ன அதே சட்டத்தின் 57-வது பிரிவு, தன் படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் படைத்தவர் எதிர்க்கலாம் என்கிறது, உரிமையை விற்றபின்னும்கூட. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 2005-ல் தில்லி உயர்நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது.

சொந்தக்காரர் சோபாவை நகர்த்தினார்.

"பத்து வருஷம் கழிச்சு வித்தா லாபம் வருமா? வரி உண்டா?"

லாபத்துக்கு என்றால் சேத்தியாத்தோப்பில் மனை வாங்குங்கள். நான் வாங்குகிற பெயர்களுக்கு மறுவிற்பனைச் சந்தையே கிடையாது. லாபம் வந்தால் வரி உண்டு: வீட்டுச் சாமான் என்று தப்பிக்க முடியாது, ஓவியத்தையும் சிற்பத்தையும் அந்த விலக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கையெழுத்திட்ட சான்று, ஓவியரோடு நின்று எடுத்த படம், காட்சியின் அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்கிறேன். நாளைக்கு என் பேத்தி 'இது யார் செய்தது?' என்று கேட்டால் அந்த உறை பதில் சொல்லும்.

"இந்த வருஷம் என்ன வாங்கினீங்க?"

இதுவரை ஒன்றும் இல்லை. ஒரு மாணவர் காட்சியில் உள்ளங்கை அகலச் சுடுமண் பார்த்தேன். மீன் விற்று முடித்த அம்மா காலி அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டிச் சில்லறை முடிந்த முடிச்சு, கடுகு அளவுக்கு. 2,500 ரூபாய். கவரில் பணம் இருந்தது. மேலே சொன்ன கட்டுப்பாட்டை நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் போனால் சிவப்புப் பொட்டு. செய்த பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 'அன்னிக்கே வாங்கியிருக்கலாம்ல சார், அவ்வளவு நேரம் பார்த்தீங்களே' என்றாள். அடுத்த சூளை மாசிக் கடைசியில் போடுகிறார்களாம். போன் நம்பர் வாங்கி வந்திருக்கிறேன்.